பதினோராவது எண்

வெளியே நூற்றியெட்டு டிகிரி.
ஆபிசர்ஸ் லைன் மாடிக் கடையில்
என் கணினிக்குப் பின்னால் நான்கு நாற்காலி,
ஐந்து பேர்.
திரைப்படச் சங்கத்தின் வெள்ளிவிழா மலர்
விடிந்தால் அச்சுக்குப் போக வேண்டும்.
ஐம்பது வருடத்துப் படங்களில்
சிறந்த பத்து.

ஒன்பது வரை சண்டையில்லை என்று சொல்ல மாட்டேன்.
மூன்றும் ஆறும் இடம் மாறின.
ஆறு வெளியேறியது,
சமோசா வந்ததும் திரும்பி வந்தது.
அமைதியாக இருந்தது முதலிடம் மட்டும்தான்.
அந்தப் படத்தை ஐவரில் ஒருவர்தான் பார்த்திருந்தார்,
மற்றவர்கள் அதைப் பற்றிப் படித்திருந்தார்கள்.

பத்தாவதுக்கு ஜக்கரியா சார்,
தோல் கம்பெனிக் கணக்கர்,
ராணிப்பேட்டையில் கதை நடக்கும் படத்தைச் சொன்னார்.
"நம்ம பக்கத்துது ஒன்னாவது வேணாமா?"
"ஊரு இருக்குது, நாத்தம் எங்க இருக்குது?"
என்றார் வேதவல்லி டீச்சர்.
"டேனரி வாசல்ல நின்னுகினு காதலைச் சொல்றான்,
ஒரு தபா கூட மூக்கைப் பொத்தலியே."
"பழகினவன் எவன்மா பொத்துறான்?"
என்றார் அவர், மெதுவாக.
அதன்பிறகு கொஞ்ச நேரம்
மின்விசிறி மட்டும் பேசியது.

தேவசகாயம் எழுந்து நின்றே வாதாடினார்:
ஆற்காட்டில் நூறு நாள் ஓடியதாம்,
கடைசி நாளிலும் டிக்கெட் இல்லையாம்.
"ஓடினதுதான் கணக்குன்னா
காட்பாடி ஜங்ஷனைப் போடுய்யா,
நாள் பூரா ஓடிகினே இருக்குது."
வெங்கடரத்தினம் சிரிக்காமல் சொன்னார்.
இளையவர் இன்பசேகர்
நோட்டுப் புத்தகத்தில் எதையோ அடித்தார்,
அடித்ததன் மேல் மறுபடி அடித்தார்.

பத்தைத் தட்டச்சு செய்து அடுத்த வரிக்குப் போனால்
பதினொன்று தானாக வந்து நிற்கிறது.
அழித்தேன்.
அவர்கள் பத்தை மாற்றினார்கள்.
மறுபடி பதினொன்று,
கூப்பிடாமல் வந்து
பந்தியில் இலை முன் உட்கார்ந்தவனைப் போல.

என்னை யாரும் கேட்கவில்லை.
கேட்க வேண்டியதும் இல்லை.
பக்கத்துக்கு நாற்பது ரூபாய்க்கு
எழுத்துப்பிழை மட்டுமே என் பொறுப்பு.

குடியாத்தத்தில் ஒரு நவம்பர்.
இடைவேளை முடிந்து பத்து நிமிடம் இருக்கும்.
மேனேஜர் டார்ச்சோடு உள்ளே வந்தார்:
"ஆத்துல தண்ணி வந்துடுச்சு,
அந்தப் பக்கத்து ஆளுங்க கெளம்புங்க."
எங்கள் ஆற்றிலா?
அரங்கமே சிரித்தது.
வசனம் என்று நினைத்தவர்களும் உண்டு.
திரையில் ஒருத்தி
பெட்டியோடு ரயிலடியில்,
ஒரு கால் படியில், ஒரு கால் தரையில்.
நான் செருப்பைத் தேடினேன்.
பாலத்தின் மேல் முழங்கால் வரை தண்ணீர்.

அவள் ஏறினாளா,
இன்றுவரை எனக்குத் தெரியாது.
டிவியில் இரண்டு முறை போட்டார்கள்,
இரண்டு முறையும் சேனலை மாற்றினேன்.
இவர்கள் வைத்திருக்கும் அளவுகோல்களில்
பாதிப் படத்துக்கு ஏதாவது உண்டா?

ராத்திரி பதினொன்றரைக்குப் பத்து முடிவானது.
யாருக்கும் உயிரான படமல்ல,
யாருக்கும் கோபம் வராத படம்.
மாடிப்படியில் இறங்கும்போதே
நான்காவதைப் பற்றிச் சத்தம் கேட்டது.
திரையில் பதினொன்று நின்றுகொண்டிருந்தது,
பக்கத்தில் புள்ளி, அப்புறம் வெள்ளை.
பெயரை அடிக்க விரல் போனது.
அடிக்கவில்லை.
அழிக்கவும் இல்லை.

ஐந்நூறு பிரதி.
விழா முடிந்த மறுநாள் ஜக்கரியா சார் போன் செய்தார்:
"இன்னாம்மா இது,
பதினொன்னுன்னு வெறும் நம்பரு நிக்குது?"
"மெஷின் தப்பு சார்."
அவர் போனை வைக்கவில்லை.
பின்னால் லாரி ஒன்று
பின்னோக்கி வரும் சத்தம்.
"பேனாவால எழுதிக்கலாமாம்மா?"

"உங்க பிரதி சார்," என்றேன்.