சாவி

மலைச்சரிவில் இருக்கிறது அந்தத் தாவர மையம்.
கீழே பொகோட்டா,
செங்கல் நிறத்தில், கண்ணுக்கெட்டிய மட்டும்.
மேலே பாரமோ.
தமிழ்க் காதில் அது கேள்வியாக விழும்.
இல்லை, பாரமில்லை,
மூடுபனிதான்.
மூடுபனியைப் பிடித்துச் சொட்டு நீராக்கும்
மயிரடர்ந்த இலைகள்தான்.
அந்தச் செடிக்கு ஃப்ரைலெஹோன் என்று பெயர்.
ஆண்டுக்கு ஒரு சென்டிமீட்டர் வளரும்,
அதுவும் மனசு வந்தால்.

துவானுக்கு வயது பதிமூன்று.
போன ஜனவரியிலிருந்து பதினோரு சென்டிமீட்டர் வளர்ந்திருக்கிறான்.
பள்ளிக் கால்சட்டை
கணுக்காலைக் கைவிட்டு வெகுநாளாயிற்று.
"என்னோட ஒரு வருஷம் இதுக்குப் பதினோரு வருஷமா?"
என்று தொட்டியின் முன் குந்தி விசாரித்தான்.
யுரானி சிரித்தாள்.
அவள் சிரிப்பது அபூர்வம்.

சனிக்கிழமைக் குழுவில் ஒன்பது பேர்.
ஆளுக்கு ஒரு இடுக்கி, ஒரு ஒளிப்பலகை, நூறு விதைகள்.
மெல்ல அழுத்திப் பார்க்க வேண்டும்.
நிறைந்த விதை எதிர்த்து நிற்கும்,
உள்ளே ஒரு நிழல் தெரியும்.
மற்றது அமுங்கிக் கொடுக்கும்,
வெளிச்சம் தாராளமாகப் புகுந்து மறுபக்கம் வரும்.
நூறில் நான்கு.
நூறில் பதினொன்று.
யுரானிக்கு ஏழு.
மீதியெல்லாம் வெறும் தோல்.

தமிழில் இதற்குச் சாவி என்று ஒரு சொல் உண்டு.
பூட்டைத் திறப்பதும் அதே சொல்தான்.
யுரானிக்கு இது தெரியாது.
தெரிந்தமாதிரிதான் நடந்துகொண்டாள்.

"காலியைக் குப்பையில போடுங்க" என்றாள் ஆன்யேலா.
இருபத்துமூன்று வயது, விடாத ஜலதோஷம்,
இரண்டாம் மாதச் சம்பளம் இன்னும் வரவில்லை.
அவள் தும்மத் திரும்பிய நேரத்தில்
தொண்ணூற்று மூன்றும்
கணக்கு நோட்டுத் தாளில் மடிந்து
யுரானியின் பைக்குள் போயிற்று.

அவள் வீடு தெற்கே, ஏறி முடியாத படிகளின் கடைசியில்.
ஒன்பது நாளுக்கொரு முறை குழாய் மூச்சுவிட்டு நிற்கும்.
அன்றைக்கு வாளிகள்தான் படியேறும்.
மூன்று தயிர்க் கோப்பை, கொஞ்சம் மண்.
பல் துலக்கும் குவளையில் மிச்சம் பிடித்த
இரண்டு மடக்கு.
அம்மா பார்த்தாள்.
"கொத்துமல்லியா?"
"இல்ல."
"திங்கலாமா?"
"இல்ல."
"பின்னே என்னடி?"
"தண்ணி" என்றாள் யுரானி.
அம்மா கோப்பையைப் பார்த்தாள்,
வாளியைப் பார்த்தாள்,
ஒன்றும் சொல்லாமல் கீழே இறங்கிப் போனாள்.

ஐந்தாம் வாரம் மையத்தின் கண்ணாடித் தட்டில்
இரண்டு வெள்ளை வேர்கள், நூல்முனை அளவு.
ஒரே கூச்சல்.
துவான் எகிறி விளக்கில் தலையை இடித்துக்கொண்டான்;
அவன் உயரம் அவனுக்கே இன்னும் பழகவில்லை.
தயிர்க் கோப்பைகளில் பாசி.
ஏழாம் வாரம், பாசி, ஒரு எறும்பு.

பத்தாம் வாரம் யுரானி கையைத் தூக்கினாள்.
"நான் திருடினேன்" என்றாள்.
"தொண்ணூத்தி மூணு காலி. போட்டுப் பார்த்தேன்.
தினமும் பார்த்தேன்.
ஒண்ணும் வரல."

அறை அமைதியாயிற்று.
ஆன்யேலா மூக்கைத் துடைத்துக்கொண்டு
பதிவேட்டைத் திறந்தாள். ஸ்கேல் வைத்து ஒரு கோடு இழுத்தாள்.
விதை: காலி.
எண்ணிக்கை: 93.
நாட்கள்: 70.
முளைத்தவை: 0.
பரிசோதித்தவர் என்ற கட்டத்துக்கு வந்ததும்
முழுப்பெயரைக் கேட்டாள்,
எழுத்தெழுத்தாக.
யுரானி மகாலி சோஸ்கே.
பூஜ்யத்துக்குப் பக்கத்தில் ஒரு பெயர்
இவ்வளவு இடம் எடுக்கும் என்று
அவள் நினைத்ததில்லை.

"இவ்வளவு காலியை எதுக்குத்தான் செய்யுது அது?"
துவான் இன்னும் தலையைத் தடவிக்கொண்டிருந்தான்,
வாரக்கணக்கில் பழைய வலியை.
"சரியாத் தெரியல" என்றாள் ஆன்யேலா.
"பூச்சி வராததால இருக்கலாம். குளிரா இருக்கலாம்.
யாராவது உட்கார்ந்து பார்க்கணும்."

யுரானி நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு
அடுத்த நூறை
ஒளிப்பலகையில் கொட்டினாள்.