ஆயிரத்தெட்டு

முதல் நாள் சப்ரான் கையில் தந்தது நாற்பத்தைந்து.
சுட்டதும் குழல் மேலே பார்த்தது,
மேகத்தில் எதையோ மறந்து வைத்ததுபோல.
அது இறங்கி அடுத்த அட்டையைத் தேடுவதற்குள்
அப்புத்தளை ரயில் ஒரு வளைவு முடித்திருக்கும்.

"பழகிவிடும். ஓரத்தில் பட்டாலும் நாலு புள்ளி,
ஒன்பது மில்லிமீற்றருக்கு அதே ஓரம் மூன்றுதான்."
நெலுகா காதுமூடியைக் கழற்றிவிட்டுச் சொன்னாள்:
"நடுவில் பட்டால் எல்லாருக்கும் ஐந்து."
இடையில் நாற்பது என்றும் ஒன்றிருக்கிறது.
அதன் உதை நேரே வராது, மணிக்கட்டைத் திருகும்,
சிரித்துக்கொண்டே குத்துகிற மச்சினி மாதிரி.

அன்றிரவு தொழிற்சாலைத் தராசுச் சீட்டின் பின்பக்கம்
கணக்குப் போட்டேன்.
ஒரே காசுக்கு
ஒன்பதில் நூறு தடவை பிழைவிடலாம்,
நாற்பத்தைந்தில் ஐம்பத்தெட்டு.
தொடங்குகிறவளுக்குப் பிழைதானே முதல்.
நாற்பத்தொரு வயதில்
குறைந்த முதலோடு கடை திறக்க முடியாது.

கையுறைக் கடையில் பிள்ளைகள் அளவு கேட்கிற கை எனது.
ஒன்பதின் பிடி அதற்குள் அடங்கியது.
மணி பீப் என்றதும்
ஒரே மூச்சில் இரண்டு வெடி,
இரண்டும் அட்டையில், அட்டையும் என் கண்ணில்.

உரிமப் படிவத்தில் காரணம் என்ற கட்டத்தில்
விளையாட்டு என்று எழுதினேன்.
அதிகாரி அந்தச் சொல்லை வாசித்தார், என் பெயரை வாசித்தார்,
ஊரை வாசித்தார், மறுபடி அந்தச் சொல்லை.
என்ன ரகம் என்றார். ஒன்பது என்றேன்.
"சின்னதுதானே"
என்று முத்திரையைத் தேடினார்.

சின்னதுக்கும் ஒரு மட்டம் உண்டு.
ரவையின் எடையை வேகத்தால் பெருக்கி
ஆயிரத்தால் வகுத்தால்
நூற்றிருபத்தைந்து வர வேண்டும்.
வராவிட்டால் நாள் முழுக்கச் சுடலாம்,
புள்ளி ஏறாது.

தை மாதப் போட்டி. தியத்தலாவைப் பத்தனையில்
புல் இன்னும் நிமிரவில்லை.
குளிரில் மருந்தும் சோம்பும் என்று எவரும் சொல்லவில்லை.
வேகமானி முன் மூன்று சுட்டேன், பிறகு மூன்று.
எடை நூற்றிருபத்துநாலு கிரெய்ன்.
வேகம், நொடிக்கு ஆயிரத்தெட்டு அடி.
ஆயிரத்தெட்டுக் கவலை, ஆயிரத்தெட்டுச் சாக்கு,
ஆயிரத்தெட்டு அர்ச்சனை,
எதற்கும் போதுமான எண்.
இதற்கு மட்டும் ஓர் அடி குறைவு.

"ஒன்று மிச்சம் இருக்கு," என்றாள் நெலுகா.
"சுடலாம். இல்லாட்டி உடைச்சு எடை போடலாம்."

பதினாறு வருஷமாய் மாலைத் தராசில் நிற்கிறேன்.
பதினேழே முக்கால் கிலோவுக்கு அரைப்பேர் எழுதிய கை இது.
"இன்னொருக்கா போட்டுப் பாருங்க" என்ற பரிமளகாந்தியிடம்
முள் பொய் சொல்லாது என்ற வாய் இது.
அன்று மழைக் கொழுந்து.
சாக்குக்கென்று இரண்டு கிலோ கழித்திருந்தேன்.
சாக்கை யாரும் எடை போட்டதில்லை.

"எடை போடுங்க" என்றேன்.

குறடு கவ்வி இழுத்தது.
செப்பு மொட்டு கிண்ணத்தில் உருண்டு நின்றது.
நூற்றிருபத்துநாலு தசம் இரண்டு.
நெலுகா பெருக்கினாள், இரண்டு தடவை.
நூற்றிருபத்தைந்து தசம் ஒன்று.
முழுப்பேர்.

அப்புறம் ஓடினேன், குனிந்தேன், சுட்டேன்.
ஓரங்களில் நிறைய மூன்று.
இருபத்திரண்டு பேரில் பத்தொன்பதாவது.
சப்ரான் திரும்பவும் நாற்பத்தைந்தைப் பற்றித் தொடங்கினார்;
ரயிலுக்கு நேரமாகிறது என்றேன், பொய்யில்லை.

உடைத்த ரவையை நெலுகா எனக்கே தந்துவிட்டாள்.
சட்டைப்பையில் இருக்கிறது.
திங்கட்கிழமை தராசுத் தட்டில் வைத்துப் பார்ப்பேன்,
முள் அசையாது என்று தெரியும்.
பரிமளகாந்தியின் பக்கம்
எந்த ஆண்டு ஏட்டில் என்றுதான்
தேட வேண்டும்.