அரைப்பேர்

பதுளை மறியல் கேட்டில்
என் சாமானைச் சிலிசிலிப் பையில் போட்டுத் தந்தார்கள்.
பெல்ட். செத்துப்போன போன்.
நூற்றி நாற்பது ரூபாய்.
ஒரு சாவி, எந்தக் கதவினுடையது என்று
எனக்கே ஞாபகமில்லை.
“திரும்ப வராதே” என்று சிங்களத்தில் சொன்னார் சார்ஜன்.
போன தடவையும் அவர்தான்.
போன தடவையும் சிரித்தார்.

ஹாலி-எல சந்தியில் இறங்கி மேலே நடந்தேன்.
தொங்கவீட்டில் ஜெகதா ரொட்டி தட்டிக்கொண்டிருந்தாள்.
கேஸ் சிலிண்டரை ஜன்னல் கம்பியோடு
சங்கிலி போட்டுப் பூட்டியிருந்தாள்.
முன்னே இருந்த சிலிண்டரை விற்றவன் நான்.
தட்டை வைத்தாள். சம்பல் வைத்தாள்.
சங்கிலியைப் பற்றி அவளும் பேசவில்லை
நானும் கேட்கவில்லை.
மருமகனை அன்றிரவு
பக்கத்துக் காம்பராவில் படுக்க அனுப்பினாள்.

உள்ளே, முப்பது பேர் படுக்கிற இடத்தில் தொண்ணூறு பேர்.
ஒருக்களித்துத்தான் படுக்கலாம்.
ஒருவன் புரண்டால் வரிசையே புரள வேண்டும்.
முதல் தடவை போனபோது
நாலு நாள் என் எலும்புக்குள் யாரோ கவ்வாத்து வெட்டினார்கள்.
வயிறு தண்ணீராய்ப் போனது.
முதுகைத் தேய்த்துவிட்டவன், எல்லப் பக்கத்து லொறிக்காரன்,
ஐந்தாம் நாள் ஒரு சவர்க்காரத்தைப் பிளந்து
உள்ளே இருந்ததைக் காட்டினான்.
வெளியே விற்கிற அதே தூள்தான். விலை மட்டும் நாலு மடங்கு.

அது கிடக்கட்டும்.
எண்ணுவதைப் பற்றித்தான் சொல்ல வந்தேன்.
காலை ஐந்தரைக்கு எண்ணுவார்கள்,
மாலை ஐந்தரைக்கு எண்ணுவார்கள்.
ஒரு தலை குறைந்தால் விசில் ஊதும்,
சோற்றுவாளி நின்ற இடத்தில் நிற்கும்,
அத்தனை பேரும் குந்தியிருக்க
கக்கூசிலிருந்து என்னைத் தேடி இழுத்துவருவார்கள்.
திட்டத்தான் திட்டுவார்கள்.
ஆனால் தேடுவார்கள்.

மூன்றாம் நாள் பெரட்டுக்களத்துக்குப் போனேன்.
கணக்கப்பிள்ளை முகம் பார்க்காமல்
“பொலிஸ் ரிப்போட் கொண்டா” என்றார்.
ஒரு கிழமை அலைந்து கொண்டுவந்தேன்.
மருந்தடிக்கிற வேலை தந்தார்.
மருந்தாம்! பக்கத்தில் நின்ற பொடியன்கள் சிரித்தார்கள்.
நானும் சேர்ந்து சிரித்தேன்.
முதுகில் டேங்க், கையில் குழாய்,
கை நடுங்கியதில் பாதி என் காலுக்கே போனது.
பின்னேரம் செக்ரோலில் அரைப்பேர்.
அடுத்த நாளும் அரைப்பேர்.
ஐந்தாம் நாள் நான் போகவில்லை.
மலையில் விசில் எதுவும் ஊதவில்லை.
பனி ஏறியது, கொழுந்து நிறுத்தார்கள், லொறி போனது.

அந்த ராத்திரி
சாவியைச் சங்கிலிப் பூட்டில் போட்டுப் பார்த்தேன்.
பொருந்தவில்லை.
பொருந்தியிருந்தால் என்ன செய்திருப்பேன் என்று
ஜெகதாவுக்குத் தெரியும்.
விழித்துத்தான் படுத்திருந்தாள். மூச்சில் தெரிந்தது.

சந்தியில், த்ரீவீலுக்குள், ரொனால்ட்.
“அண்ணே, சாப்பிட்டீங்களா?”
வந்த நாளிலிருந்து அதைக் கேட்ட முதல் ஆள்.
பார்சல் சோறு வாங்கித் தந்தான்.
கை கழுவிய பிறகு, காசு கேட்காமல், இன்னொன்றும் தந்தான்.
அவனைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை.
சொல்ல வேண்டும்.
வரவில்லை.

இந்தத் தடவை புனர்வாழ்வு மிஸ் ஒருத்தி ஃபாரத்தோடு வந்தாள்.
‘மீண்டும் வந்த காரணம்.’
கீழே விரல் அகலத்துக்கு ஒரு கட்டம்.
இவ்வளவையும் சொன்னேன்.
பேனை மூடியைக் கடித்தபடி பொறுமையாய்க் கேட்டாள்.
பிறகு எழுதினாள்: கூடாத சகவாசம்.
அவளும் என்ன செய்வாள்,
அந்தக் கட்டத்துக்குள் வேறு எது அடங்கும்.
கையெழுத்து வைத்தேன்.
முத்துவேல் மகேந்திரராஜா. முழுப்பேர்.

வெளியே விசில்.
சுவரோரம் போய்க் குந்தினேன்.
நாற்பத்தி மூன்று என்று
என் தலையைத் தொட்டுப் போனார் சார்ஜன்.
இந்தத் தடவை சிரிக்கவில்லை.