முக்கால் மணித்தியாலம்

ஓல்ட்டன் ஆஸ்பத்திரி, மூன்றாம் மாடி.
நான் இங்கே ஆள் இல்லை, வாய்.
சொன்னதைச் சொல்வேன். கூட்டமாட்டேன், குறைக்கமாட்டேன்.
அப்படியொரு தாளில் கையெழுத்து வைத்திருக்கிறேன்.

டொக்டர் ட்சூர்பிறிக்கன் கேட்கிறார்: இறுக்கம் எங்கே?
தவபாலண்ணை சொல்கிறார்: நெஞ்சுக்குள்ளை.
அதிலேயே எனக்கு இடறல்.
ஜெர்மனில் விலா எலும்புக் கூட்டுக்கு ஒரு சொல்,
உள்ளே துடிப்பதற்கு ஒரு சொல்,
கவலைக்கு இன்னொன்று.
எங்களுக்கு மூன்றும் ஒரே அறையில் படுக்கும்,
அகதி முகாமில் முதல் வருஷம் படுத்தமாதிரி.

எப்போதிருந்து?
"தொண்ணூற்றைஞ்சு ஐப்பசி."
டொக்டர் கேட்டது நிமிஷக் கணக்கு.

இடுப்பில் நாடா. தொண்ணூற்றிரண்டு.
தொப்பை என்று சொல்ல ஒன்றுமில்லை.
இருபத்தாறு வருஷம் ஹோட்டல் குசினியில்
மிஞ்சின கிழங்குப் பொரியலை
நடுச்சாமத்தில் நின்றபடி தின்ற உடம்பு.
உங்கள் ஆட்களுக்கு நாடா
இரண்டு விரல் முன்னுக்கே முடிந்துவிடும் என்கிறார்.
"இதிலயும் எங்களுக்கு எல்லை குறைவோ?"
அண்ணை சிரித்தார்.
அந்தச் சிரிப்பை என்ன செய்வதென்று தெரியாமல்
தண்ணீர் குடித்தேன்.

குடும்பத்தில் யாருக்காவது?
"அப்பர் நாப்பத்தெட்டில."
மாரடைப்பா?
"ஷெல். பட்டது நெஞ்சில."
படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை.
வேறு யாரும்?
"எங்கட ஆக்களுக்கு அப்பிடியொண்டும் இல்லை."

போன மார்கழி, ஜெர்மனியில், ஹம் நகரத்தில்
நானும் பஸ் பிடித்துப் போய் நின்ற செத்தவீடு.
பெட்டிக்குள் கோட்டோடு கிடந்தவனுக்கும்
இதே சின்னக் காது.
குடுத்துவைச்சவன் என்றார்கள்,
நித்திரையிலேயே போய்விட்டான் என்றார்கள்.

இருபத்தோராம் நிமிஷம்
தாளில் வைத்த கையெழுத்தை மீறினேன்.
"அண்ணை, தம்பி?"

அவர் தன் சட்டைப் பொத்தானைப் பார்த்தார்.
"அவனுக்கு வருத்தமொண்டும் இருக்கேல்லை, பிள்ளை.
நித்திரை."
சொன்னதைச் சொன்னேன்.
எத்தனை வயது?
"நாப்பத்தாறு."
ஜெர்மனில் அது ஆறில் தொடங்கும்,
ஆறும் நாற்பதும்.
ஆறு என்றதும் குழந்தையென்று நினைத்தாரோ,
டொக்டரின் பேனா முழு எண்ணுக்கும் காத்திருந்தது.
பிறகு ஒரு புள்ளடி.

நாளைக்கே இரத்தக்குழாய்ச் சோதனை.
நாளைக்கு வேலை என்றார் அண்ணை.
இரண்டையும் இரண்டு பக்கமும் கொண்டுபோய்க் கொடுத்தேன்.
கடைசியில் வேலை தோற்றது.

ஸ்டேஷனில் ஏழாம் மேடைக்குப் படி.
இரண்டாம் தட்டில் நின்றுவிட்டேன்.
கைப்பை பாரம் என்று
எனக்கு நானே மொழிபெயர்த்துச் சொன்னேன்.