ரேடியோ ஸ்டாப்

செவ்வாய்ப்பேட்டைக்கு முந்திய திருப்பத்தில்
நடத்துனர் கத்துகிறார்: ரேடியோ ஸ்டாப், ரேடியோ ஸ்டாப்.
இறங்கினால் ரேடியோ நிலையம் ஏதுமில்லை.
மூலை மழுங்கிய ஒரு கட்டடம்,
நெற்றியில் மூன்று கிடைக்கோடு,
அலைவரிசைத் திருகுகள் போல
இரண்டு வட்டச் சன்னல்.
எவனோ பார்த்தவன் வைத்த பெயர்.
கோப்பில் அது பழைய கலால் அலுவலகம்,
கட்டியது 1937,
நிலை: ஆய்வில்.

நான்தான் அந்த ஆய்வு.
பொதுப்பணித் துறை, இளநிலை வரைதொழில் அலுவலர்.
கையில் சுத்தியல்,
டேப்பின் மறுமுனையில் பச்சியண்ணன்.

தட்டிக் கேட்க வேண்டும்.
நல்ல கான்கிரீட் 'ணங்' என்னும்.
கெட்டது, பொய் சொல்ல யோசிப்பவன் போல
சற்றுத் தாமதித்து 'தொப்' என்னும்.
வராந்தா முழுக்க ணங்.
கழிவறைச் சுவர் மட்டும்
கூரைத் தண்ணீரைக் குடித்துக் குடித்து
தன் கம்பிகளை வெளியே துப்பியிருந்தது.

அப்புறம் ஏல மண்டபம்.
கள்ளுக்கடைகளை இங்கேதான் ஏலம் விடுவதாக இருந்தது.
நூற்றிருபது பேருக்கு அரைவட்டப் படிகள்,
நடுவில் சுத்தியல் மேசை,
கேட்பவர் கண்ணில் மேற்கு வெயில் விழாதபடி
சன்னலுக்கு மேல் இரண்டடி நிழல்தட்டு.
ஓமலூர்க் கடை, ஆத்தூர்க் கடை, சங்ககிரிக் கடை.
மரத்துக்கு மரம் வசூலித்த வரியில்
வாங்கிய சிமெண்டு, பாவிய தரை.
தரை உள்ளூர் வெள்ளைக்கல்.
கரட்டில் வெட்டி, சூளையில் சுட்டு,
உப்புநீரும் மரத்தூளும் போட்டுக் குழைத்து
காவி நிறத்தில் ஊற்றியது.
செருப்பைக் கழற்றி நின்று பார்த்தேன்.
மார்கழியிலும் சில்லிடவில்லை.

செப்டம்பரில் வண்ணம் பூசினார்கள்.
அக்டோபர் முதல் தேதி
மாவட்டம் முழுக்க மதுவிலக்கு,
மாகாணத்திலேயே முதலாவதாக.
ஒரு கடையும் ஏலம் போகாமல்
மேசை வார்னிஷ் மணத்தோடு நின்றது.

கட்டடங்களுக்கு வெட்கம் உண்டா, தெரியாது.
யுத்த காலத்தில் அந்த அரைவட்டப் படிகளில்
ரேஷன் அட்டைக்கு உட்கார்ந்திருந்தார்கள்.
பிறகு நில அளவை. பிறகு வாக்குப்பெட்டிகள்.
எழுபத்தொன்றில் ஏலம் திரும்பி வந்தபோது
மண்டபத்தை மூன்றாகத் தடுத்திருந்தது பலகை.
ஏலத்தை வேறெங்கோ
பந்தல் போட்டு நடத்தினார்கள்.

கடைசியில் மூலை.
போன மாதம் கட்டடக்கலை மாணவர்கள் வந்து
இந்த வளைவை மட்டும் ஐம்பது படம் எடுத்தார்களாம்.
வேகத்தின் வடிவம் என்றார்களாம்.
பச்சியண்ணன் சொன்னார், சிரிக்காமல்.

ஒப்புதல் வரைபடத்தில் வளைவே இல்லை.
தொண்ணூறு டிகிரி, அரிவாள்முனை மாதிரி.
கீழே வரைந்தவர் சவரிராயலு,
கையெழுத்தின் வாலுக்குக்கூட
அடிக்கோல் வைத்த ஆள்.
அளவுப் புத்தகத்தின் பின்னட்டையில்
ஓவர்சீயர் தீர்த்தகிரியின் பென்சில்,
உடைந்த ஆங்கிலத்தில்:
'வடமேற்கு மூலையை இரண்டு தரம் வண்டி இடித்தது.
மஞ்சள் மூட்டை பாரம். மாடு திரும்ப இடமில்லை.
ஒன்பதடி ஆரத்தில் உருட்டிவிட்டேன்.
கூடுதல் செலவில்லை. பின்னேற்பு வேண்டுகிறேன்.'

பின்னேற்பு வந்ததா என்று
எந்தக் கோப்பிலும் இல்லை.

அளந்தோம்.
இரண்டு மீட்டர் எழுபத்து நான்கு.
ஒன்பதடிதான். அரை விரல்கூடப் பிசகவில்லை.
இரண்டு மாடுகளின் கழுத்தும் ஒரு நுகத்தடியும்
எவ்வளவு இடம் கேட்கும் என்று
நின்று பார்த்த ஒருவனின் அளவு.

படிவத்தில் 'குறிப்பு' என்ற கட்டம்
தீப்பெட்டி அகலம்.
எழுதினேன்: மூலை வரைபடப்படி இல்லை.
மேலே எழுத இடமில்லை.

பச்சியண்ணன் டேப்பைச் சுற்றத் தொடங்கினார்.
ஜவ்வரிசி மூட்டைகளோடு ஒரு மினி லாரி
சுவரை உரசுகிற மாதிரி வந்து
உரசாமல் திரும்பிப் போனது,
ஹாரன்கூட அடிக்காமல்.