உருண்டைக்குத் தெரியாது

இருபத்துநான்கு உருண்டைகள் கேட்டிருக்கிறார் பெத்ரியே,
திங்கட்கிழமை வகுப்புக்கு.
தாளில் மூன்றே எண்கள்: திசை, சாய்வு, சறுக்கல்.
மீதியை என் கைக்கும்
சூடேறிய கம்பிக்கும் விட்டுவிட்டார்.

மலாத்யா பல்கலைக்கழகத்தின் பட்டறை
இப்போது ஒரு கன்டெய்னர்.
வெளியே பனி. உள்ளேயும் பனிதான்:
தெர்மோகோல் துகள், சட்டைக்கையில், புருவத்தில்,
தேநீர்க் கோப்பையில்.

கம்பி உருண்டைக்குள் இறங்கும்போது சத்தமே வராது.
எனக்கு அது பிடித்திருக்கிறது.
சத்தத்தோடு பிளந்தவற்றைப் பற்றி நான் பேசுவதில்லை.

ஒரு வெட்டு. அதற்குச் செங்குத்தாய் இன்னொன்று.
நான்கு சுளை.
முதல் அதிர்வில் வெளியே தள்ளிய இரண்டுக்குக் கறுப்பு,
உள்ளே இழுத்த இரண்டுக்கு வெள்ளை
என்று புத்தகம் சொல்லும்.
ருவெய்தாவுக்கு நிறம் உதவாது.
அவளுக்காகக் கறுப்பின் இடத்தில் உப்புத்தாள் ஒட்டினேன்,
எண்பதாம் நம்பர்.
வெள்ளைக்கு என் பழைய வெல்வெட் பாவாடையின் ஓரம்.

கோலை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு
கையுறையைப் பல்லால் கடித்துக் கழற்றினாள்.
முலாம்பழம் வாங்க வந்தவள் போல
உருண்டையை ஏந்திச் சுற்றினாள்.
சொரசொரப்பு, வழவழப்பு, சொரசொரப்பு, வழவழப்பு.
"இரண்டு தையல் இருக்கிறதே," என்றாள்,
"எது பிளந்தது?"

உருண்டைக்குத் தெரியாது, என்றேன்.
எந்த வெட்டில் நகர்ந்திருந்தாலும்
தூரத்துக் கருவிகளுக்கு
ஒரே உதறல்தான் போய்ச் சேரும்.
நகர்த்தியும் காட்டினேன்: இந்த வெட்டில் ஒரு விரற்கடை,
பிறகு அந்த வெட்டில்.
அவள் சிரித்துவிட்டாள்.
"அப்படியானால் இதில் ஒன்று பொய்.
பொய்யையும் இவ்வளவு நேர்த்தியாய் அறுத்திருக்கிறீர்கள்."

சனிக்கிழமை பஸ் பிடித்தோம், தோகன்ஷெஹிர் பக்கம்,
சாத்தில்மிஷின் ஆப்ரிகாட் தோப்புக்கு.
அவர் வழியெல்லாம் கணக்குப் பேசினார்:
வேலி பக்கத்து வயலுக்குள் போய்விட்டதாம்,
சர்வேயர் வந்து பார்த்துத் தலையைச் சொறிந்தாராம்,
இனி அந்த நாலு மீட்டருக்கு வரி யார் கட்டுவது?
எங்களிடம் பதில் இல்லை.

கயிறு பிடித்து நட்ட வரிசை.
ருவெய்தா முதல் மரத்தில் கை வைத்தாள்.
பத்துத் தப்படி, இரண்டாவது மரம்.
பத்துத் தப்படி, மூன்றாவது.
பட்டையில் கசிந்து இறுகிய பிசினை
ஒவ்வொன்றிலும் நகத்தால் சுரண்டிப் பார்த்தாள்.
பதினொன்று.
பத்துத் தப்படி.
கை காற்றில் நின்றது.

நான் வாயைத் திறந்தேன்.
சாத்தில்மிஷ் என் முழங்கையைப் பிடித்துத் தடுத்தார்.
வலப்பக்கம் துழாவினாள். ஒன்றுமில்லை.
இடப்பக்கம் ஒரு தப்படி, இரண்டு, ஐந்து.
அங்கே இருந்தது பன்னிரண்டாவது மரம்,
தன் இடத்தில்தான் நிற்கிறேன் என்பது போல,
அரும்பு விட்டு.

அதில் முதுகைச் சாய்த்துக் கொஞ்ச நேரம் நின்றாள்.
அவள் வீடு எந்தத் தெருவில் இருந்தது என்று
நான் கேட்டதில்லை.
அன்றும் கேட்கவில்லை.
வடக்கு எது என்று மட்டும் என்னிடம் விசாரித்தாள்.
பையிலிருந்த உருண்டையை எடுத்து
திருப்பி, திருப்பி, நிறுத்தி
ஒரு தையலில் கட்டைவிரலை வைத்தாள்.
"இது."

திங்கட்கிழமை விடியலில்
மற்ற வெட்டைப் பசை வைத்து மூட உட்கார்ந்தேன்.
இருபத்துமூன்று முடிந்தது.
கடைசி ஒன்றை ருவெய்தா தரவில்லை.
"இது இரண்டு பக்கமும் திறந்தே இருக்கட்டும்," என்றாள்,
"தோப்பு இல்லாத ஊருக்கு."