பற்று வரவு

வைரக்கண்ணு மாமாவின் மளிகைக்கடையில்
இப்போது எட்டுச் சலவை இயந்திரங்கள்.
கல்லாவில் ஆள் கிடையாது. ஐந்து வெள்ளிக்கு ஒரு சுற்று.
அரிசி மூட்டை அடுக்கியிருந்த சுவரோரம்
பங்களாதேஷ் பையன் ஒருவன்
சட்டை காயும்வரை துண்டோடு உட்கார்ந்திருக்கிறான்.

லாபிஸ் ரயிலடியில் இறங்கி
நான் தேடி வந்தது ஓர் எண்.
அம்மாவின் பாரத்தில்
'கணவர் அடையாள அட்டை' என்ற கட்டம்
காலியாக இருந்தால் வாங்க மாட்டார்களாம்.
கடன் சொன்னவர்களின் எண்ணையெல்லாம்
மாமா எழுதி வைப்பார் என்று கேள்வி.

பக்கத்து சைக்கிள் கடை ஆ கியோங்
"கடன் கட்ட வந்தியா?" என்று தமிழிலேயே சிரித்தார்.
குளிர்பெட்டியின் குட்டைக் காலுக்கு
முட்டுக் கொடுத்திருந்த தடிப் புத்தகத்தை
உருவித் தந்தார்.
குளிர்பெட்டி ஒருபக்கம் சாய்ந்தது.

ஓரமெல்லாம் கரப்பான் தின்றிருந்தது.
நடுவில் மாமாவின் எழுத்து,
உளுந்து கொட்டினாற்போல் குண்டு குண்டாய்.
பெயர்கள் இல்லை. எல்லாம் அவர் வைத்த பட்டங்கள்:
ஒட்டுப்பால் சின்னம்மா.
பெரட்டுக்குப் பிந்தி.
கோழி திருடன் (நாணயமானவன்).

பக்கம் 41: தங்கச்சி வீடு.
அது நாங்கள்.

பக்கம் 63: சிங்கப்பூரான்.

அப்பா சிங்கப்பூர் போய்விட்டார்.
நான் வயிற்றில் மூன்று மாதம்.
எங்கள் வீட்டில் அது சாமிப்படம் மாதிரி,
கழற்றித் துடைக்கக்கூட யாரும் தொட்டதில்லை.

சிங்கப்பூரான் வாங்கியவை:
பீடி, இரண்டு கட்டு.
கருவாடு.
பால்டின் ஒன்று. குழந்தை சவுக்காரம்.
மேலே மூலையில் ஓர் எண்.
அம்மாவின் கல்யாணக் காகிதத்தில்
பாதி அழிந்துபோன அதே எண்,
இங்கே முழுசாக.

ஆற்றுக்கு அந்தப் பக்கத் தோட்டம்.
ஆறு மைல்.
சைக்கிளில் முக்கால் மணி நேரச் சிங்கப்பூர்.

மாதம் தவறாமல் 63இல் ஒரு வரி:
'41க்கு மாற்றியது, 4 வெள்ளி.'
41இல் வெறுமனே: 'வரவு, 4 வெள்ளி.'
யார் தந்தது என்று இல்லை.
"அண்ணன் தள்ளி விட்டுட்டாரு"
என்று அம்மா இன்றைக்கும் உருகுவாள்.
மாமா நல்லவரா, கள்ளரா?
அதற்கென்று தனிக் கட்டம்
அவர் கோடு போட்டு வைக்கவில்லை.

எழுபத்து நாலு, தீபாவளிக்கு முந்தின நாள்.
41: ரிப்பன், சிவப்பு, இரண்டு முழம்.
63: ரிப்பன், சிவப்பு, இரண்டு முழம்.
ஒரே சுருளாகத்தான் இருக்கும்.
என் சடையில் முடிந்தது எனக்கு நினைவிருக்கிறது.
வெட்டிய மறுமுனையை
யார் தலையில் முடிந்தார்கள்?
அவளுக்கும் இப்போது நரைத்திருக்கும்.
இதே இயந்திரத்தில் காசு போட்டுப்
போர்வை துவைப்பாளோ என்னவோ.

கைப்பேசி அடித்தது.
டயாலிசிஸ் படுக்கையிலிருந்து அம்மா.
"நம்பர் கெடச்சுதா?"
"கெடச்சுது."
"எந்தப் பக்கத்துல?"

அம்மாவுக்கு எழுத்துத் தெரியாது.
எண்கள் தெரியும்.

"நம்ம பக்கத்துலதான். நாப்பத்தொண்ணு."

இரைச்சல் மட்டும் கேட்டது,
அவள் பக்கத்து இயந்திரமா, என் பக்கத்ததா, தெரியவில்லை.
"அதுல இருக்காதே" என்றாள்.

பிறகு, வரும்போது கொஞ்சம்
கருவாடு வாங்கி வரச் சொன்னாள்,
டாக்டர் கூடவே கூடாதென்ற கருவாடு.